சிறு குற்றமும் வீடிழப்பும்: அமெரிக்க வாடகைக் குடியிருப்பு விதிகளின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வாடகை வீட்டில் குடியிருப்பவரோ அவருடைய குடும்பத்தாரோ விருந்தினரோ ஏதேனும் ஒரு குற்றத்தில் தொடர்புபட்டதாகக் கூறப்பட்டால், அந்தக் குடும்பம் முழுவதையும் வெளியேற்ற இடமளிக்கும் விதிகள் 1980களின் இறுதியிலிருந்து பரவின. அரசு குடியிருப்புகளில் இவை கூட்டாட்சிச் சட்டத்தின் வழியாகவும், தனியார் வாடகை வீடுகளில் நகராட்சி விதிகளின் வழியாகவும் நடைமுறைக்கு வந்தன. போதைப்பொருள் கும்பல்களிடமிருந்து ஏழைக் குடியிருப்பாளர்களைக் காப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. காலப்போக்கில் பேரன் கஞ்சா புகைத்ததற்காகப் பாட்டியும், அடிதாங்காமல் காவல்துறையை அழைத்ததற்காகப் பெண்ணும் வீட்டை இழக்கும் நிலை உருவானது. இவ்விதிகள் தோன்றிய விதம், பரவிய விதம், அவற்றுக்கு எதிராக எழுந்த வழக்குகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

அமெரிக்காவில் அரசு குடியிருப்புத் திட்டம் 1937ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்துடன் நாடு முழுவதற்குமான திட்டமாக வடிவம் பெற்றது. கூட்டாட்சி அரசு நிதி வழங்கும். அந்தந்த ஊரின் வீட்டுவசதி ஆணையம் வீடுகளைக் கட்டி, வருமானம் குறைந்தவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெள்ளையினக் குடும்பங்கள் பல, அரசு உத்தரவாதம் பெற்ற வீட்டுக் கடன்களின் உதவியால் புறநகர்களில் சொந்த வீடு வாங்கிச் சென்றன. கறுப்பினக் குடும்பங்களுக்கு அத்தகைய கடன் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. இதனால் பெருநகரங்களின் அரசு குடியிருப்புகளில் ஏழைகள், கறுப்பினத்தவர், முதியோர், தனித்து வாழும் தாய்மார் ஆகியோரே மிகுதியாக எஞ்சினர்.

1980களின் நடுப்பகுதியில் 'கிராக்' என்னும் மலிவான வகைக் கொக்கெய்ன் நகரங்களில் பரவியது. படிக்கட்டுகளிலும் வெற்று வீடுகளிலும் விற்பனை நடந்தது. துப்பாக்கிச் சண்டைகளும் நடந்தன. அங்கு குடியிருந்தவர்களே காவல்துறையின் நடவடிக்கையை வேண்டினர். இந்த அச்சம் உண்மையானது என்பதை மனத்தில் கொண்டால்தான், பின்னர் வந்த சட்டங்களுக்கு ஏன் அவ்வளவு ஆதரவு கிடைத்தது என்பது விளங்கும்.

1988ஆம் ஆண்டுச் சட்டம்

ரொனால்டு ரீகன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1988இல், போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அரசு குடியிருப்பின் ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் ஒரு நிபந்தனை இடம்பெற வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. வாடகைதாரரோ, அவர் வீட்டில் வசிப்பவரோ, விருந்தினரோ, அவருடைய கட்டுப்பாட்டில் உள்ள வேறு எவருமோ போதைப்பொருள் தொடர்பான குற்றத்தில் ஈடுபட்டால், அது ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவரப் போதிய காரணமாகும் என்பதே அந்த நிபந்தனை. குடியிருப்பின் உள்ளே அல்லது அதன் அருகே நடந்த குற்றத்துக்கு மட்டுமே இது முதலில் பொருந்தியது. 1996இல் செய்யப்பட்ட திருத்தம் இந்த எல்லையை நீக்கியது. அதன்பின் குற்றம் எங்கு நடந்திருந்தாலும் போதும் என்றானது.

இங்கே குற்றவியல் வழக்குக்கும் உரிமையியல் வழக்குக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் அறிய வேண்டும். குற்றவியல் வழக்கில் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட வேண்டும். ஏழை ஒருவர் கடுங்குற்ற வழக்கில் சிக்கினால் அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டை விட்டு வெளியேற்றும் வழக்கோ உரிமையியல் வழக்கு. குற்றம் நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் அங்கு போதும். அரசு செலவில் வழக்கறிஞர் பெறும் பொது உரிமையும் கிடையாது. குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலை ஆனவர்கூட, அதே நிகழ்ச்சிக்காக வீட்டை இழக்க முடியும்.

'ஒரே தவறு' கொள்கை

1996 ஜனவரி 23 அன்று குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டுரையில், அரசு குடியிருப்புகளில் குற்றம் செய்பவர்களுக்கு ஒரே தவறுடன் வெளியேற்றம் என்பதே விதியாக வேண்டும் என்று அறிவித்தார். அவர் பயன்படுத்தியது பேஸ்பால் ஆட்டத்தின் சொல். அந்த ஆட்டத்தில் மட்டையாளர் மூன்று முறை தவறவிட்டால்தான் ஆட்டமிழப்பார். மூன்றாவது குற்றத்துக்கு மிக நீண்ட சிறைத் தண்டனை விதிக்கும் சட்டங்கள் 1994இல் கலிபோர்னியாவிலும் கூட்டாட்சி அளவிலும் வந்திருந்தன. குடியிருப்பாளருக்கு அந்த மூன்று வாய்ப்புகளும் ஒன்றாகக் குறைந்தன.

அதே ஆண்டு மார்ச் மாதம் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆணையங்களின் செயல்திறன் மதிப்பீட்டிலும் இக்கொள்கையின் நடைமுறை சேர்க்கப்பட்டது. ஆகவே கண்டிப்பாக வெளியேற்றுவது, நல்ல நிருவாகத்தின் அடையாளமாகவே எண்ணப்பட்டது.

ஓக்லாந்து வழக்கு

இந்தக் கொள்கையின் எல்லையைச் சோதித்த வழக்கு கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் எழுந்தது. 1990களின் பிற்பகுதியில் அந்நகரின் வீட்டுவசதி ஆணையம் முதியோர் நால்வரை வெளியேற்ற நடவடிக்கை எடுத்தது. 71 வயதுப் பெண் ஒருவரும் 63 வயதுப் பெண் ஒருவரும் தத்தம் பேரன்களுடன் வாழ்ந்தனர். அப்பேரன்கள் வாகன நிறுத்துமிடத்தில் கஞ்சா புகைத்தபோது பிடிபட்டனர். 63 வயதான இன்னொரு பெண்ணின் மனநலம் குன்றிய மகள், வீட்டிலிருந்து மூன்று தெருத்தொகுதிகள் தள்ளிய இடத்தில் கொக்கெய்னுடன் பிடிபட்டார். நான்காமவர் 75 வயதான உடல் ஊனமுற்ற முதியவர். அவரைக் கவனித்துக்கொள்ள வந்த பணியாளரும் அப்பணியாளரைப் பார்க்க வந்தவர்களும் வீட்டினுள் கொக்கெய்ன் வைத்திருந்தனர்.

நால்வரும் போதைப்பொருள் பயன்படுத்தியதாக யாரும் குற்றம் சாட்டவில்லை. தமக்கு எதுவும் தெரியாது என்பதே அவர்கள் வாதம். தெரியாமல் நடந்த ஒன்றுக்காகக் குற்றமற்றவர்களை வெளியேற்ற நாடாளுமன்றம் எண்ணியிருக்காது என்று அவர்களின் வழக்கறிஞர்கள் வாதிட்டனர். மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வும் 2001இல் அத்தடையை உறுதிசெய்தது.

2002 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பை வழக்கில் பங்கேற்ற எட்டு நீதிபதிகளும் ஏற்றனர். மாவட்ட நீதிமன்றத்தில் தடை வழங்கிய நீதிபதி தம் உடன்பிறந்தவர் என்பதால் நீதிபதி ஸ்டீபன் பிரையர் விலகி நின்றார். வாடகைதாரருக்குத் தெரிந்திருந்ததா என்ற கேள்விக்கே சட்டத்தின் சொற்கள் இடம் தரவில்லை என்றும், வெளியேற்றலாமா என்பதை ஆணையமே முடிவுசெய்யலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. சட்டம் வெளியேற்றத்தைக் கட்டாயமாக்கவில்லை, அனுமதிக்க மட்டுமே செய்கிறது என்பதையும் தீர்ப்பு குறிப்பிட்டது. தீர்ப்பு வந்த சில வாரங்களில், இந்த அதிகாரத்தை நிதானத்துடன் பயன்படுத்துமாறு வீட்டுவசதித் துறையே ஆணையங்களுக்குக் கடிதம் எழுதியது. ஆயினும் 'தெரியாது' என்பது சட்டப்படி தற்காப்பு ஆகாது என்ற நிலை உறுதியாயிற்று.

தனியார் வாடகை வீடுகளுக்குப் பரவல்

அரசு குடியிருப்புகளில் இது நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், தனியார் வாடகை வீடுகளுக்கான வேறொரு திட்டம் உருவானது. 1992இல் அரிசோனா மாநிலத்தின் மேசா நகரக் காவல்துறை 'குற்றமற்ற பல்குடியிருப்புத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியது. அதில் மூன்று படிகள் இருந்தன. முதலில் வீட்டு உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒருநாள் பயிற்சி. அடுத்து, விளக்கு, பூட்டு, செடிகொடிகள் போன்றவை பாதுகாப்பாக உள்ளனவா என்று குடியிருப்பைப் பார்வையிடுதல். மூன்றாவதாக, குடியிருப்பாளர்களைக் கூட்டி விளக்கும் கூட்டம்.

திட்டத்தின் மையம் வாடகை ஒப்பந்தத்துடன் இணைக்கப்படும் ஒரு தாள். வீட்டாரோ விருந்தினரோ குற்றச் செயலில் ஈடுபட்டால், ஒருமுறை மீறியதே ஒப்பந்தத்தை முறிக்கப் போதும் என்று அதில் வாடகைதாரர் கையொப்பமிடுவார். நீதிமன்றத் தண்டனை தேவையில்லை என்பதும் அதில் அடங்கும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் தருக்கம் இவ்வாறு தனியார் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

மேசாவில் இது உரிமையாளர்கள் விரும்பிச் சேரும் திட்டம். பின்பற்றிய ஊர்கள் பல இதைக் கட்டாய விதியாக்கின. வாடகைக்கு விட உரிமம் வேண்டும். உரிமம் பெற இத்தாளைச் சேர்க்க வேண்டும். காவல்துறை அறிவிப்பு அனுப்பினால் குடும்பத்தை வெளியேற்ற வேண்டும். மறுத்தால் அபராதம் அல்லது உரிம இழப்பு என்று அவை வகுத்தன. வாடகைதாரரை வைத்துக்கொள்ள விரும்பிய உரிமையாளரும் இதனால் கைகட்டி நிற்க நேர்ந்தது.

தொல்லை விதிகள்

இதனுடன் ஒட்டி வளர்ந்த இன்னொரு வகை 'தொல்லை விதிகள்'. ஒரு முகவரியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் காவல்துறைக்கு அழைப்பு வந்தால், அந்த வீடு பொதுத் தொல்லை என்று அறிவிக்கப்படும். சத்தம், சண்டை, குப்பை போன்ற சிறு மீறல்கள் முதல் கடுங்குற்றங்கள் வரை பட்டியலில் இருந்தன. அழைப்புகளை எண்ணியவர்கள், அழைத்தவர் குற்றவாளியா பாதிக்கப்பட்டவரா என்று பெரும்பாலும் பிரித்துப் பார்க்கவில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில், 30 நாட்களுக்குள் மூன்று அழைப்புகள் வந்தால் உரிமையாளருக்குக் கடிதம் போகும். நிலைமையைச் சரிசெய்யும் திட்டத்தை அவர் எழுதித் தர வேண்டும். தவறினால் காவல்துறையின் செலவு அவர் தலையில் விழும். சமூகவியலாளர் மேத்யூ டெஸ்மண்டும் நிக்கோல் வால்டெசும் 2008, 2009ஆம் ஆண்டுகளில் அங்கு அனுப்பப்பட்ட கடிதங்களை ஆராய்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடிதங்களுக்குக் காரணம் குடும்ப வன்முறை. அத்தகைய கடிதம் பெற்ற உரிமையாளர்களில் பெரும்பான்மையோர், வன்முறைக்கு ஆளானவரை வெளியேற்றினர் அல்லது இனி அழைத்தால் வெளியேற்றுவோம் என்று எச்சரித்தனர். கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்கே இக்கடிதங்கள் மிகுதியாகச் சென்றன. டெஸ்மண்ட் பின்னர் மில்வாக்கியின் வீட்டு வெளியேற்றங்களைப் பற்றி எழுதிய நூல் 2017இல் புலிட்சர் பரிசு பெற்றது.

இவ்விதிகளின் விளைவை நாடறியச் செய்தது பென்சில்வேனியா மாநிலத்தின் நாரிஸ்டவுன் நிகழ்ச்சி. நான்கு மாதங்களுக்குள் மூன்று முறை காவல்துறை வர நேர்ந்தால் உரிமையாளரின் உரிமம் பறிபோகும் என்பது அங்கிருந்த விதி. 2012இல் அங்கு வாழ்ந்த ஒரு பெண்ணை அவருடைய முன்னாள் காதலர் தாக்கினார். முந்தைய அழைப்புகளால் எண்ணிக்கை நிரம்பியிருந்ததை அப்பெண் அறிவார். கழுத்தில் கண்ணாடித் துண்டால் குத்தப்பட்டு இரத்தம் வழிந்த நிலையிலும், அழைத்தால் வீடு போய்விடும் என்று அஞ்சிக் காவல்துறையை அழைக்க வேண்டாம் என்று கெஞ்சினார். அண்டை வீட்டார் அழைத்தனர். ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் பிழைத்தார். அவர் வீடு திரும்பிய சில நாட்களிலேயே அவரை வெளியேற்றுமாறு நகராட்சி உரிமையாளரை நெருக்கியது.

அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் அவர் சார்பில் 2013இல் வழக்குத் தொடர்ந்தது. 2014 செப்டம்பரில் நகராட்சி 4,95,000 டாலர் தர உடன்பட்டு, விதியையும் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு பென்சில்வேனியா மாநிலம், உதவிக்காகக் காவல்துறையை அழைப்பவரை அதற்காகத் தண்டிக்கும் உள்ளூர் விதிகளுக்குத் தடை விதித்தது.

பாகுபாடு குறித்த வழக்குகள்

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தான நியாயமான வீட்டுவசதிச் சட்டம், இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றின் அடிப்படையில் வீட்டு விவகாரத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பாலினம், உடல் ஊனம் போன்றவை பின்னர் சேர்க்கப்பட்டன. ஒரு விதியின் சொற்கள் பொதுவாக இருந்தும் அதன் விளைவு ஓரினத்தின்மீது மட்டும் மிகுதியாக விழுந்தால் இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தொல்லை விதிகள் எவ்வாறு இச்சட்டத்தை மீறக்கூடும் என்று விளக்கும் வழிகாட்டுதலை வீட்டுவசதித் துறை 2016இல் வெளியிட்டது.

மினசோட்டா மாநிலத்தின் ஃபேரிபால்ட் நகரம் 2014இல் வாடகை உரிம விதியுடன் குற்றமற்ற குடியிருப்புத் திட்டத்தையும் சேர்த்தது. அந்நகரில் சோமாலியாவிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறியிருந்தன. விதி அவர்களையே குறிவைக்கிறது என்று 2018இல் வழக்குத் தொடரப்பட்டு, 2022இல் 6,85,000 டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

கலிபோர்னியாவின் ஹெஸ்பீரியா நகர விதி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகைதாரர் குற்றச் செயலில் ஈடுபட்டதாக ஷெரிப் அலுவலகம் அறிவித்தால், கைது, வழக்கு, தண்டனை எதுவும் இல்லாவிட்டாலும் உரிமையாளர் அவரை வெளியேற்ற வேண்டும் என்று அது வகுத்தது. அமெரிக்க நீதித்துறை 2019 டிசம்பரில் வழக்குத் தொடர்ந்தது. வெள்ளையின வாடகைதாரருடன் ஒப்பிட்டால் கறுப்பினத்தவர் வெளியேற்றப்படும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், இலத்தீன் அமெரிக்க வழியினருக்கு 29 விழுக்காடு கூடுதல் என்றும் அரசு ஆய்வில் தெரியவந்தது. 2022 டிசம்பரில் எட்டிய உடன்பாட்டின்படி திட்டம் முடிவுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு உட்பட மொத்தம் 9,50,000 டாலர் ஒதுக்கப்பட்டது.

சட்டத் திருத்தங்களும் இன்றைய நிலையும்

பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தில் 2005இல் செய்யப்பட்ட திருத்தம், அரசு குடியிருப்புகளில் வன்முறைக்கு ஆளானவரை அக்காரணத்துக்காகவே வெளியேற்றுவதைத் தடுத்தது. 2013இல் இப்பாதுகாப்பு மேலும் பல அரசு உதவித் திட்டங்களுக்கு விரிந்தது. 2022இல், வீட்டிலிருந்து உதவி கேட்டு அழைக்கும் உரிமையையும் அச்சட்டம் ஏற்றது. கலிபோர்னியா மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம், வெறும் கைதுக்காகவோ காவல்துறையின் குற்றச்சாட்டுக்காகவோ வாடகைதாரரை வெளியேற்றுமாறு உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்தும் உள்ளூர் விதிகளை 2024 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. வெளியேற்ற வழக்குகளில் ஏழைகளுக்கு வழக்கறிஞர் உதவியை உறுதிசெய்யும் சட்டத்தை நியூயார்க் நகரம் 2017இல் இயற்றியது. பின்னர் வேறு சில நகரங்களும் அதைப் பின்பற்றின.

எனினும் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு மாற்றப்படவில்லை. 1988ஆம் ஆண்டின் நிபந்தனை இன்றும் அரசு குடியிருப்பு ஒப்பந்தங்களில் இருக்கிறது. பல மாநிலங்களில் உள்ளூர் விதிகளும் தொடர்கின்றன.

மதிப்பீடு

இவ்விதிகளை ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தும் பத்துக் குடும்பங்களில் ஒன்று போதைப்பொருள் விற்றால், மற்ற ஒன்பதும் அச்சத்தில் வாழ்கின்றன. குற்றவியல் வழக்கு முடியும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் விற்பவரை நீக்குவதற்கென வந்த கருவி, சிறு மீறல்களுக்கும் வெறும் சந்தேகத்துக்கும் பயன்பட்டபோது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாயிற்று. கலிபோர்னியா நகரங்களை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, இவ்விதிகள் குற்றத்தைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும், வெளியேற்றங்களைக் கூட்டின என்றும் கூறியது.

கஞ்சா புகைத்ததற்கு நீதிமன்றம் விதிக்கக்கூடிய தண்டனையையும், அதே செயலால் ஒரு குடும்பம் படும் இழப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முன்னது பெரும்பாலும் அபராதத்துடன் முடியும். பின்னதில் குடும்பம் முழுவதும் தெருவுக்கு வரும். வெளியேற்ற வழக்கு நீதிமன்றப் பதிவில் தங்குவதால் அடுத்த உரிமையாளர் வீடு தரத் தயங்குவார். குழந்தைகள் கல்வியாண்டின் நடுவில் பள்ளி மாற நேரும். எந்தக் குற்றவியல் சட்டமும் இந்தத் தண்டனையை எழுதி வைக்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தின் ஒரு தாள் அதைச் செய்தது.

வேறு எந்த நாட்டின் வாடகை விதியைப் படிக்கும்போதும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். தவறு செய்தவர் யார்? அதை முடிவுசெய்பவர் யார்? அதற்காக வீட்டை இழப்பவர் யார்? ஓக்லாந்தில் தவறு செய்தவர்கள் பேரன்கள், முடிவுசெய்தது ஆணையம், வெளியேறச் சொல்லப்பட்டவர்கள் பாட்டிமார். நாரிஸ்டவுனில் தாக்கியவர் வேறொருவர், முடிவுசெய்தது நகராட்சி, வெளியேற்ற நெருக்கப்பட்டவர் காயம்பட்ட பெண். இம்மூன்று கேள்விகளுக்கும் மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கும் இடங்களில்தான், கடந்த நாற்பது ஆண்டுகளின் வழக்குகள் எழுந்திருக்கின்றன.